மலை மேல் மூணு காட்டேஜ்!

ரிடையர் ஆகிறவர்களுக்கு வருகிற வியாதிகள் இரண்டு. முதலாவது ஷுகர். அதற்கு மாத்திரை இருக்கிறது. இரண்டாவது, 'எங்கேயாவது ஒரு இடத்தை வாங்கிப் போட்டு, மாசா மாசம் வாடகை வர்ற மாதிரி ஏதாவது கட்டிடணும்' என்கிற வியாதி. இதற்கு மாத்திரை கிடையாது. பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் பேங்கில் வந்து விழுந்த மறுநாள் காலையில் ஆரம்பிக்கும். பாஸ் புத்தகம் காலியானால்தான் காய்ச்சல் இறங்கும்.

கொஞ்ச காலமாக இந்த வியாதி மலை ஏற ஆரம்பித்திருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் நம்மை மாதிரி ஆசாமிகள் விலை கேட்கவே கூச்சப்படுகிற இடங்கள். எங்கள் வட்டாரத்துக்கு ஏலகிரி. பதினாலு கொண்டை ஊசி வளைவு. வளைவுகளுக்கெல்லாம் புலவர்கள், வள்ளல்கள் பெயர். மேலே போய்ப் பார்த்தால் புலவரையும் காணோம், வள்ளலையும் காணோம். ரிசார்ட் போர்டுகள்தான் வரவேற்கின்றன. அங்கே விலை ஏறிப் போனதால் புரோக்கர்களின் ஆள்காட்டி விரல் இப்போது திருப்பத்தூருக்கு மறுபக்கம் நீள்கிறது. ஜவ்வாது மலை! அதில் எங்கள் பக்கத்து வாசல், புதூர்நாடு.

புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று மலை மேல் மூன்று ஊராட்சிகள். 2019 வரை வேலூர் மாவட்டம். இப்போது திருப்பத்தூர் மாவட்டம். (அதே மலையில் ஜமுனாமரத்தூர் போனால் திருவண்ணாமலை மாவட்டம். மலை ஒன்றுதான், கலெக்டர்கள்தான் வேறு வேறு.) அங்கே குடியிருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி என்கிற பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். சாமை விளையும். புளி, பலா, தேன் கிடைக்கும். கரடியும் உண்டு என்பதை புரோக்கர் சொல்ல மாட்டார்.

அவர் சொல்வது வேறு. "ஸார், காவலூர்ல டெலஸ்கோப் வெச்சிருக்காங்களே, ராஜீவ் காந்தியே வந்து திறந்து வெச்சாரே... சும்மாவா வெச்சாங்க? அவ்வளவு க்ளீன் ஏர்!"

ராஜீவ் காந்தி வந்தது 1986 ஜனவரியில், வாஸ்தவம். ஆனால் டெலஸ்கோப்பை அங்கே கொண்டு போய் வைத்ததற்கு முக்கியமான காரணம், ராத்திரியில் அந்த மலை கும்மிருட்டாக இருக்கும் என்பது. நாம் போய் காட்டேஜ் கட்டி வாசலில் சீரியல் லைட் போட்டால் முதலில் ஓடிப் போவது நட்சத்திரங்கள்தான்.

என் மச்சினர் (வீட்டுக்காரியின் அண்ணன், சமீபத்தில் ரிடையர் ஆனவர்) ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. கீழே கணக்கு.

"மாப்ளே, இதைப் பாருங்க. மூணு காட்டேஜ். ஒண்ணுக்கு நாளைக்கு 1,500. மூணு பெருக்கல் 1,500... 4,500. முப்பது நாளைக்கு 1,35,000. மாசம்! நான் சர்வீஸ்ல இருந்தப்ப கூட இவ்வளவு வாங்கல."

"செலவு எவ்வளவு மச்சான்?"

"நிலம், கட்டடம் எல்லாம் சேர்த்து முப்பது லட்சத்துல முடிச்சுத் தரேங்கறான்."

"திங்கட்கிழமை யார் வருவாங்க?"

"எங்கே?"

"உங்க காட்டேஜுக்கு. திங்கள், செவ்வாய், புதன்... யார் வந்து தங்குவாங்க?"

மச்சினர் நோட்டைத் திருப்பி வைத்துக் கொண்டார். நான் வாங்கி அடுத்த பக்கத்தில் எழுதினேன். மலைக்கு ஆள் வருவது சனி, ஞாயிறு. மாதத்தில் எட்டு நாள். மூன்று காட்டேஜும் எட்டு நாளும் நிரம்பினால் 36,000. எல்லா வாரமும் நிரம்பாது. மழைக்காலம் இருக்கிறது, பரீட்சைக் காலம் இருக்கிறது. பாதி என்று வைத்தால் 18,000. காவலுக்கும் சமையலுக்கும் ஒரே ஆளாகப் போட்டாலும் 12,000 கொடுக்காமல் யார் இருப்பார்கள்? கரண்ட், தண்ணீர், துணி வெளுப்பு, ரிப்பேர், ஆள் பிடித்துக் கொடுப்பவனுக்குக் கமிஷன் என்று 5,000. மிச்சம் ஆயிரம் ரூபாய். அதையும் மலைக்கு ஏறி இறங்கும் பெட்ரோல் குடித்துவிடும்.

அதே முப்பது லட்சத்தை போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால்? உச்சவரம்பை 2023-ல் முப்பது லட்சமாக்கி, வட்டியை 8.2 சதவீதம் என்று வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய். மாசத்துக்கு 20,500. இதற்குக் காவல்காரர் வேண்டாம், கரடி பயம் இல்லை. வருமான வரி உண்டு, ஐந்து வருஷத்தில் முதல் அப்படியே நிற்கும், நிலம் மாதிரி விலை ஏறாது என்பதெல்லாம் சரிதான். ஆனால் விலை ஏறுவதற்கு முதலில் அந்த நிலம் நம்முடையதாக இருக்க வேண்டுமே!

அங்கேதான் விஷயம் இருக்கிறது. புதூர்நாட்டில் ஏக்கர் விலை ஏன் மலிவு? ரோடு வளைந்து வளைந்து போகிறது என்பதாலா? ஏலகிரி ரோடு மட்டும் நேராகவா போகிறது! விற்பவருக்கு அதை உங்களுக்கு விற்கும் உரிமை இருக்கிறதா என்பதே பல இடங்களில் சந்தேகம். அதுதான் மலிவுக்கு ரகசியம். புரோக்கர் இதை 'சின்ன ஃபார்மாலிட்டி' என்பார்.

ஆந்திராவில் பட்டியல் பகுதி என்று அறிவித்த மலைகளில் பழங்குடியினரின் நிலத்தை மற்றவர்கள் வாங்கக் கூடாது என்று 1959-லேயே ஒழுங்குமுறை போட்டு, 1970-ல் இன்னும் இறுக்கினார்கள். தமிழ்நாட்டில் பட்டியல் பகுதியே கிடையாது, அப்படித் தனிச் சட்டமும் கிடையாது. 'ஆகா, அப்போ வாங்கலாம்' என்று துள்ள வேண்டாம். வருவாய் நிலை ஆணைகள் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற ஒரு தொகுப்பு இருக்கிறது. தாலுகா ஆபீஸ்காரர்களுக்கு அதுதான் வேதம். அதில் 15-வது ஆணையின் 40-வது பத்தி மலைவாழ் மக்களுக்கு அரசு ஒப்படை செய்த நிலத்தைப் பற்றியது. அனுமதி இல்லாமல் கை மாறக் கூடாது. நிபந்தனையை மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக் கொள்ளலாம். நிலம் போகும்போது அதன் மேல் நிற்கிற மூணு காட்டேஜும் கூடவே போகும். அதைப் பெயர்த்துக் கொண்டு வந்து வாணியம்பாடியில் நட முடியாது.

2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் இன்னும் தெளிவு. அதன்படி காட்டு நிலத்தில் உரிமை பெற்றவர் பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம். விற்க முடியாது, வேறு யாருக்கும் மாற்றித் தர முடியாது. கல்யாணமானவர் என்றால் உரிமை புருஷன் பெண்சாதி இருவர் பேரிலும் சேர்த்துத்தான். ஆகவே 'பட்டா இருக்கு ஸார்' என்று யாராவது ஒரு காகிதத்தை ஆட்டினால், அது எந்தக் காகிதம் என்று முதலில் கேளுங்கள்.

கேட்டால் புரோக்கரிடம் நாலு மருந்து தயாராக இருக்கும்.

"பவர் எழுதிக்கலாம் ஸார்." பவர் பத்திரத்தையும் ஒரு அக்ரிமென்ட்டையும் வைத்துக் கொண்டு சொத்து வாங்கியதாகச் சொல்ல முடியாது என்று 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அடித்துச் சொல்லியாகிவிட்டது.

"நோட்டரி கிட்ட சீல் போட்டுக்கலாம்." நோட்டரியின் சிவப்பு சீல் பார்க்க அழகாக இருக்கும். அவ்வளவுதான்.

"99 வருஷ லீஸ் போட்டுக்கலாம்." மாற்றக் கூடாது என்ற நிலத்தை ஒரு நூற்றாண்டுக்கு எழுதி வாங்குவதும் மாற்றம்தானே என்று தாசில்தார் கேட்டால் என்ன பதில்?

கடைசி மருந்துதான் ரொம்ப விசேஷம். "உங்களுக்கு நம்பிக்கையான மலை ஆள் யாராவது இருந்தா அவன் பேர்ல வாங்கிடுங்க." மச்சினருக்கு இது பிடித்துப் போயிருந்தது. அவர் பழைய ஆபீஸில் ஒரு பியூன் அந்த மலைக்காரர். "தங்கமான பையன் மாப்ளே!"

தங்கமான பையன்தான். ஆனால் இதற்குப் பெயர் பினாமி. 1988-ல் சட்டம் வந்து, 2016-ல் பல் முளைத்து, இன்றைக்கு ஒரு வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை உள்ளே தள்ளலாம். சொத்தும் சர்க்காருக்கு. நாளைக்கு அந்தத் தங்கமான பையன், "இது என் இடம் ஸார்" என்று சொன்னால் கோர்ட்டுக்குப் போய் 'இல்லை, என் பினாமி' என்றும் சொல்ல முடியாது. சொன்னால் நீங்களே வாக்குமூலம் கொடுத்த மாதிரி. போலீஸ் வந்தால் அவரும் உங்களோடு வருவார். பியூன் வேலையும் போகும்.

நஷ்டம் வாங்குகிறவருக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. சாமைக் கொல்லையையும் புளிய மரத்தையும் ரெண்டு மூணு லட்சத்துக்குக் கொடுத்தவர், அந்தப் பணம் ஒரு கல்யாணத்திலும் ஒரு மோட்டார் பைக்கிலும் கரைந்த பிறகு, அதே இடத்தில் கேட் திறந்து மூடுகிற வாட்ச்மேனாக நிற்பார். அது கூட நல்ல முடிவு. நிலத்தில் பிழைப்புப் போதாமல் கூலிக்கு இறங்கிப் போகிற மலை இது. 2015 ஏப்ரல் 7-ந் தேதி திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று இருபது பேரைச் சுட்டுக் கொன்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த இருபது பேரில் பலர் ஜவ்வாது மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் போனவர்கள். கால் ஏக்கரை 'வ்யூ'வுக்காக வாங்குகிறபோது இந்தக் கணக்கையும் நோட்டில் ஒரு ஓரமாக எழுதிக் கொள்ள வேண்டும். அங்கே நிலம் என்பது சோறு.

"அப்போ மேலே வாடகை பிசினஸே கிடையாதுங்கறீங்களா?" என்றார் மச்சினர், கொஞ்சம் கோபமாக.

இருக்கிறது. ஆனால் அதற்கு முதலாளி நாமில்லை. வாடகை வீட்டுக்கு நிஜமாகவே ஆள் தேடுகிற ஜனங்கள் மலை மேல் உண்டு. பள்ளிக்கூடத்து டீச்சர், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், காட்டிலாகா ஆட்கள். மேலே நல்ல கழிப்பறையோடு ஒரு வீடு கிடைக்காவிட்டால் இவர்கள் கீழே திருப்பத்தூரில் குடியிருந்து கொண்டு பஸ்ஸில் ஏறி இறங்குவார்கள். பஸ் வராத நாளில் பாடமும் இல்லை, ஊசியும் இல்லை. சொந்த நிலம் வைத்திருக்கிற மலைக்காரர் ஒருவர் ரெண்டு ரூம், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, குரங்கு நுழையாத ஜன்னல் வலை என்று கட்டி டீச்சருக்குக் கொடுத்தால், வருஷத்தில் பத்து மாதத்துக்குக் குறையாமல் வாடகை வரும். சனி, ஞாயிறுக்காகக் காத்திருக்க வேண்டாம். இதற்குக் கடன் வாங்கினால் மலைப்பகுதிகளில் இருக்கிற 'லேம்ப்ஸ்' கூட்டுறவுச் சங்கத்திலோ, தாட்கோவிலோ என்ன கிடைக்கும் என்று முதலில் விசாரிக்க வேண்டும். கந்து வட்டிக்காரரிடம் போய் நிலத்தை எழுதிக் கொடுத்தால் வாடகை எல்லாம் அவருக்குத்தான்.

சரி, கீழே இருக்கிற நாம்?

2019-ல் திருப்பத்தூர் மாவட்டத் தலைநகரமானது. ஆபீஸ்கள் வந்தன. ஆபீஸ் என்றால் டிரான்ஸ்ஃபர். டிரான்ஸ்ஃபர் என்றால் வாடகைக்காரர். அவர்களுக்கு வ்யூ வேண்டாம். குழாயில் தண்ணீர் வரணும், ஸ்கூல் வேன் தெருவுக்குள் வரணும். அதற்காக உடனே போய் முப்பது லட்சத்துக்கு ஒரு வீடு வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். பத்திரச் செலவே முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று நூற்றுக்கு ஒன்பது ரூபாய். முப்பது லட்சத்துக்கு 2,70,000. மாசம் எட்டாயிரம் வாடகை வருகிற வீடு என்றால், கிட்டத்தட்ட முதல் மூன்று வருஷ வாடகை ரிஜிஸ்டர் ஆபீஸுக்கே சரியாகிவிடும். (பத்து லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண்கள் பேரில் வாங்கினால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை. வீட்டுக்காரியிடம் நல்ல பெயர் வாங்கவும் இது உதவும்.)

என்னைக் கேட்டால், வாடகைக்கு விடுவதற்கு ரொம்ப மலிவான சொத்து உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. மொட்டை மாடி! நிலத்துக்குப் பணம் வேண்டாம், பத்திரச் செலவு வேண்டாம், வில்லங்கம் பார்க்க வேண்டாம். அஸ்திவாரம் தாங்குமா என்று மேஸ்திரியைக் கேட்காமல் ஒரு இன்ஜினீயரைக் கேளுங்கள். மேஸ்திரி 'தாங்கும்' என்றுதான் சொல்வார், வேலை அவருக்குத்தானே. வரைபட அனுமதி வாங்கி, தனிப் படி, தனி மீட்டர், தனித் தண்ணீர் பைப் போட்டுவிட வேண்டும். குடித்தனக்காரருக்கும் நமக்கும் வருகிற சண்டையில் முக்கால்வாசி மோட்டார் ஸ்விட்சையும் கரண்ட் பில்லையும் சுற்றித்தான்.

பெரிய வீடாக ஒன்று கட்டுவதை விட இரண்டு சின்ன போர்ஷன் நல்லது. ஒன்று காலியானாலும் இன்னொன்றில் விளக்கெரியும். வாடகை வீட்டில் மிகப் பெரிய ரிப்பேர் காலியாகக் கிடக்கிற மாதம். எட்டாயிரம் வாடகையில் இரண்டு மாதம் காலி, அப்புறம் சுண்ணாம்பு, பெயின்ட் என்று முப்பதாயிரம் போனால், வருஷ வருமானத்தில் பாதி காணாமல் போகும். ஐந்நூறு ரூபாய் அதிகம் தருகிறேன் என்று ஒருவர் வந்தார் என்பதற்காக, ஒழுங்காக இருக்கிற குடித்தனத்தைக் கிளப்பிவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். மூன்று வீட்டிலும் 'டு லெட்' போர்டு தொங்குகிறது.

வீட்டுக்காரர்களுக்கு இருக்கிற பழைய பயம் ஒன்று உண்டு. குடிவந்தவன் காலி பண்ண மாட்டான்! 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொடுத்த பயம் அது. நியாய வாடகை என்று கட்டட, நில மதிப்பில் குடியிருப்புக்கு 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம் கணக்குப் போட்டு, வழக்கு நடந்து, தாத்தா போட்ட கேஸில் பேரன் ஆஜரானான். அந்தச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017-ல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாகப் பேசி எழுதியிருந்தாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி பண்ண வைக்கத் தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது போன்ற பாரம்பரிய வைத்தியங்களுக்கும் தடை. 'பதினோரு மாச அக்ரிமென்ட் போட்டா பதிவே வேணாம்' என்பது ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்கிற பழைய பதிவுச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம். புதிய சட்டத்திடம் அந்தப் பருப்பு வேகாது.

வாடகை வருமானத்தில் வீட்டு வரி போக மிச்சத்தில் முப்பது சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் வருமான வரி போடுவார்கள். பில் எதுவும் காட்ட வேண்டாம். நிறையப் பேர் இது தெரியாமல் பெயின்ட் டப்பா ரசீதையெல்லாம் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் 'இல்லை, எனக்கு மலையில்தான் வேண்டும்' என்பவர்கள் பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யட்டும். சர்வே நம்பரை வாங்கிக் கொண்டு சிட்டா மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் அ-பதிவேட்டையும் எடுத்து, அது ஒப்படை நிலமா, என்ன நிபந்தனை என்று தாலுகா ஆபீஸிலேயே கேட்க வேண்டும். வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குப் போடுங்கள். வில்லங்கத்தில் ஒன்றுமே இல்லை என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்த நிலம் யாரும் விற்கக் கூடாத நிலம் என்பதால் கூட ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். பல மலைக் கிராமங்களை 1990-லேயே அரசு பட்டியல் போட்டு, கட்டடம் கட்டத் தனி அனுமதி வேண்டும் என்று வைத்திருக்கிறது. கிராமம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கிற சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் லட்சங்கள் போகின்றன. அந்த வக்கீல் புரோக்கர் கூட்டி வந்தவராக இல்லாமல் இருப்பது முக்கியம்.

வ்யூ வேண்டுமென்றால் ஒரு சனிக்கிழமை காவலூர் போய்வரலாம். அன்றைக்குப் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். திரும்பும்போது புதூர்நாட்டில் சாமை அரிசி வாங்கி வரலாம். மச்சினர் போய் வந்தார். ரெண்டு கிலோ வாங்கினாராம். ஷுகருக்கு நல்லதாம்.

மாடி போர்ஷனுக்கு இன்ஜினீயர் வந்து பார்த்துவிட்டார். இப்போது அவர் வீட்டில் ஓடுகிற வழக்கு, படிக்கட்டு வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா என்பது. உள்ளே வைத்தால் செலவு குறைவு என்கிறார் மச்சினர். "கண்டவங்களும் என் ஹால் வழியா ஏறிப் போறதுக்கா?" என்கிறார் அவர் சம்சாரம். வெளியேதான் என்று நானும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.